ஆதிச்சநல்லூர்த் தாழிகளைத் திறந்த ஜெர்மானியர்

தமிழரின் தொன்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆதிச்சநல்லூர் என்ற பெயர் வந்துவிடும். தமிழ்நாட்டில், தாமிரபரணி ஆற்றின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில் இருக்கும் சிற்றூர் அது. ஊரை ஒட்டிய மேட்டுநிலத்தில் 114 ஏக்கர் பரப்பளவில் பழங்கால இடுகாடு ஒன்று இருக்கிறது. இறந்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்த இடம் அது. முதுமக்கள் தாழி என்று நாம் பாடநூலில் படித்தது இதைத்தான்.

அந்தத் தாழிகளை ஆய்வு நோக்கத்தோடு முதலில் திறந்தவர் தமிழர் அல்லர். அப்போது நாட்டை ஆண்ட ஆங்கிலேயரும் அல்லர். பெர்லின் நகரைச் சேர்ந்த ஃபெடோர் ஜாகோர் என்ற ஜெர்மானியப் பயணி. ஆண்டு 1876. அவர் கப்பலேற்றிய பொருள்களில் பானைகளும் இரும்புக் கருவிகளும் மட்டும் இல்லை. அங்கே புதைக்கப்பட்டிருந்த மனிதர்களின் எலும்புகளும் மண்டையோடுகளும் இருந்தன.

ஜாகோர் கல்லறைத் திருடர் அல்லர். படித்தவர், பண்பானவர், அறிவுலகில் மதிக்கப்பட்டவர். ஆகவேதான் அவருடைய வாழ்க்கையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்த மனிதரின் உடலை எடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பது சரியா என்று உலகமே இன்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வி எங்கே தொடங்கியது என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

சிங்கப்பூருக்கு வந்த பயணி

ஜாகோர் 1816-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். இயற்கை அறிவியலிலும் தொலைதூர மக்களின் வாழ்க்கையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. ஆனால் அவருடைய பெரும் பயணம் தொடங்கியபோது அவருக்கு 40 வயது ஆகிவிட்டது. 1857-இல் புறப்பட்டவர், நான்கு ஆண்டுகள் தென்கிழக்காசியாவில் சுற்றினார்.

சிங்கப்பூர், மலாக்கா, ஜாவா ஆகிய இடங்களை அவர் பார்த்தார். இன்று செனாயிலிருந்து புறப்படும் ஒருவர் ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் போய்விடலாம். அந்தப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது 1924-இல்தான். ஜாகோர் வந்த காலத்தில் சிங்கப்பூரும் மலாக்காவும் பினாங்கும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் இந்தியாவோடு சேர்த்தே ஆளப்பட்டன. தாம் கண்டவற்றை அவர் 1866-இல் நூலாக வெளியிட்டார். சிங்கப்பூர், மலாக்கா, ஜாவா என்ற மூன்று பெயர்களும் அந்த நூலின் தலைப்பிலேயே இருக்கின்றன.

1859, 1860 ஆகிய ஆண்டுகளில் அவர் பிலிப்பீன்ஸ் தீவுகளில் இருந்தார். மாயோன் எரிமலையில் ஏறினார். பயிர்களையும் தொழில்களையும் வரிமுறையையும் ஸ்பானிய ஆட்சியின் குறைகளையும் கூர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். சாமார் தீவுக்கும் லெய்தே தீவுக்கும் இடையே உள்ள கடற்பாறைகளில் பழைய புதைகுகைகள் இருந்தன. கிறிஸ்துவ சமயம் வருவதற்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் இறந்தோரைப் பெட்டிகளில் வைத்து அந்தக் குகைகளில் விட்டிருந்தார்கள். அது புறச்சமய வழக்கம் என்று கருதிய பாதிரியார் ஒருவர் பல பெட்டிகளை முன்பே அழித்துவிட்டிருந்தார். எஞ்சியவற்றிலிருந்து ஜாகோர் மண்டையோடுகளைச் சேகரித்தார்.

பாதிரியார் அழித்தார், அறிஞர் காப்பாற்றினார் என்று இதைச் சொல்லலாம். ஜாகோர் காலத்து அறிஞர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் குகையில் இருந்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால், இருவருமே அவர்களை அவர்களுடைய இடத்தில் இருக்க விடவில்லை.

மண்டையோடுகளை அளந்த காலம்

ஜாகோர் ஏன் மண்டையோடுகளைத் தேடினார்? அக்கால அறிவியலைத் தெரிந்துகொண்டால் இது புரியும். மண்டையோட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தால் ஒருவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடலாம் என ஐரோப்பிய அறிஞர்கள் அன்று நம்பினார்கள். அளப்பதற்கு உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் மண்டையோடுகள் வேண்டியிருந்தன. ஐரோப்பியப் பயணிகளும் மருத்துவர்களும் ராணுவ அதிகாரிகளும் அவற்றை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பெர்லினில் இந்த ஆய்வின் தலைவர் ருடோல்ஃப் ஃபிர்கோ. நோய்களை உயிரணுக்களின் மாற்றமாகப் பார்க்க மருத்துவ உலகுக்குக் கற்றுக்கொடுத்த பேரறிஞர் அவர். 1869-இல் பெர்லின் மானுடவியல் சங்கம் உருவாக முக்கியக் காரணமாகவும் இருந்தார். ஜாகோர் கொண்டுவந்த பிலிப்பீன்ஸ் மண்டையோடுகளை ஃபிர்கோ ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1873-இல் வெளிவந்த ஜாகோரின் பிலிப்பீன்ஸ் பயண நூலில் இடம்பெற்றது.

அதே 1873-இல் பெர்லினில் அரச இனவியல் அருங்காட்சியகம் அடோல்ஃப் பாஸ்தியான் தலைமையில் தொடங்கப்பட்டது. உலகின் பழைய வாழ்க்கை முறைகள் வேகமாக அழிந்துவருகின்றன, அழிவதற்குள் எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டும் என்பது பாஸ்தியானின் எண்ணம். ஜாகோர் அந்த எண்ணத்தோடு அடுத்த பயணத்தைத் தொடங்கினார். இம்முறை அவர் வந்தது இந்தியாவுக்கு.

1876, ஆதிச்சநல்லூர்

அப்போது ஆதிச்சநல்லூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மாவட்ட ஆட்சியரும் அரசுப் பொறியாளரும் உடன்வர, ஜாகோர் அந்த மேட்டுக்குச் சென்று தோண்டினார். சுட்ட மண்ணால் ஆன பாத்திரங்கள் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகளில் கிடைத்தன. கத்திகள், குறுவாள்கள், கோடரிகள் என இரும்புப் பொருள்கள் ஏராளமாக வந்தன. எலும்புகளும் மண்டையோடுகளும் மிகுதியாக இருந்தன. அவர் சேகரித்தவை பெர்லின் போய்ச் சேர்ந்தன.

இதில் சட்டத்துக்குப் புறம்பானது ஒன்றும் இல்லை. இந்தியாவில் தொல்சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம் 1904-இல்தான் வந்தது. ஆட்சியரே அருகில் நின்றார். ஆனால் ஆட்சியர் அருகில் நின்றதுதான் இங்கே நாம் யோசிக்க வேண்டியது. நமக்குக் கிடைக்கும் குறிப்புகள் எந்த அதிகாரிகள் உடன் சென்றார்கள் என்று சொல்கின்றன. ஊராரைக் கேட்டதாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும், மாவட்டத்தையே ஆளும் அதிகாரியின் முன்னால் எந்த விவசாயி வேண்டாம் என்று சொல்லியிருப்பார்?

அந்த 1876-இல்தான் மழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் தொடங்கியது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். பிழைக்க வழி தேடி இலங்கைக்கும் மலாயாவுக்கும் தமிழர்கள் கப்பலேறிய காலம் அது. உயிருள்ள தமிழர்கள் கூலிகளாகக் கிழக்கே வந்த அதே காலத்தில், இறந்த மனிதர்கள் ஆய்வுப் பொருளாக மேற்கே போனார்கள். இரண்டு பயணத்திலும் பெயர்கள் முக்கியமாக இருக்கவில்லை. கூலிக்குக் கணக்கேட்டில் ஓர் எண். மண்டையோட்டுக்கு அருங்காட்சியகப் பதிவேட்டில் ஓர் எண்.

தாழிக்குள் இருந்தவர்கள்

ஆனால் அந்தத் தாழிகளைச் செய்தவர்களுக்கு உள்ளே இருந்தவர் எண் அல்லர். புறநானூற்றில் தாழி செய்யும் குயவரை நோக்கிப் பாடப்பட்ட பாடல்கள் இருக்கின்றன. ஒன்று, மாண்டுபோன சோழ மன்னனுக்குத் தாழி வனைய வேண்டியிருக்கும் குயவரின் நிலையை நினைத்து வருந்துகிறது. இன்னொன்றில் கணவனை இழந்த ஒரு பெண், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். தாழி வெறும் பானை இல்லை. பிரிவுத் துயரோடு செய்யப்பட்ட பொருள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆதிச்சநல்லூர் நமக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. ஜாகோருக்குப் பின் 1899 முதல் 1905 வரை அங்கே பெரிய அளவில் அகழ்ந்தவர் இந்தியத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ. நெற்றியில் அணியும் பொன் பட்டங்கள், வெண்கலத்தாலான விலங்கு உருவங்கள், இரும்புத் திரிசூலங்கள் முதலியவற்றை அவர் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த சில பொருள்களை முருக வழிபாட்டோடு ஒப்பிட்டு எழுதிய அறிஞர்களும் உண்டு. தைப்பூசத்தில் வேலைப் பார்த்துக் கைகூப்பும் நமக்கு, அந்த மேட்டில் கிடந்தவர்கள் முற்றிலும் அந்நியர் அல்லர் என்று தோன்றுவது இயல்பு.

ரீ கண்டெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 1903-04-இல் அங்கே அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி லாபிக் தம் பங்கைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். ஒரே இடுகாட்டில் பக்கத்துப் பக்கத்தில் உறங்கியவர்கள் மூன்று நகரங்களுக்குப் பிரிந்தார்கள்.

பெர்லினில் ஓர் இளைஞர்

ஜாகோர் பெர்லின் திரும்பித் தம் சேகரிப்புகளை ஒழுங்குபடுத்துவதிலும் எழுதுவதிலும் நாள்களைக் கழித்தார். 1886-இல் அந்த நகருக்குப் பிலிப்பீன்ஸிலிருந்து ஓர் இளம் கண் மருத்துவர் வந்தார். அவர்தான் பின்னாளில் தம் நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்பட்ட ஹோசே ரிசால். ஜாகோரின் பயண நூலை அவர் முன்பே படித்திருந்தார். தம் நாட்டைப் பற்றி நேர்மையாக எழுதிய வெளிநாட்டவர் என்று ஜாகோர் மீது அவருக்கு மதிப்பு இருந்தது. ஜாகோர் அவரை அன்போடு வரவேற்று ஃபிர்கோவுக்கு அறிமுகப்படுத்தினார். ரிசால் பெர்லின் மானுடவியல் சங்கத்தில் உறுப்பினரானார். 1887-இல் தாகாலோக் மொழியின் செய்யுள் கலையைப் பற்றி அங்கே ஜெர்மன் மொழியில் உரையாற்றினார்.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதே சங்கத்தின் அறிஞர்கள்தான் ரிசாலின் நாட்டு முன்னோர்களின் மண்டையோடுகளை அளந்தவர்கள். அளக்கப்பட்ட மக்களில் ஒருவர் இப்போது அவர்கள் முன் எழுந்து நின்று, தம் மொழிக்கு இலக்கணமும் அழகும் உண்டு என்று அவர்கள் மொழியிலேயே விளக்கினார். மண்டையோடு பேசாது, அதைப் பற்றி யார் என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். உயிருள்ள மனிதர் அப்படி இருக்க மாட்டார்.

ரிசால் 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் ஸ்பானிய அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்பெயின் தளர்ந்து, பசிபிக் பகுதியில் அமெரிக்காவின் செல்வாக்கு வளரும் என்று ஜாகோர் தம் நூலில் முன்பே எழுதியிருந்தார். 1898-இல் பிலிப்பீன்ஸ் அமெரிக்காவின் கைக்குப் போனதை அவர் தம் முதுமையில் பார்த்தார். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், 83-ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார்.

மாறிய நெறிமுறைகள்

ஜாகோருக்குப் பிந்தைய 125 ஆண்டுகளில் அவருடைய அறிவியலே தலைகீழாக மாறிவிட்டது. மண்டையோட்டின் வடிவத்தை வைத்து மனிதரை இனங்களாகப் பிரிக்கும் முறையை அறிவியல் கைவிட்டுவிட்டது. அதன் பெயரால் சேர்க்கப்பட்டவை மட்டும் பெட்டிகளில் தங்கிவிட்டன. பெர்லின் அருங்காட்சியகங்களை நடத்தும் பிரஷ்யப் பண்பாட்டு அறக்கட்டளை, 2011-இல் ஒரு மருத்துவமனையிடமிருந்து பழைய தொகுப்புகளைப் பொறுப்பேற்றது. அவற்றில் இருந்த மனித எச்சங்கள் ஆயிரக்கணக்கில். எது எங்கிருந்து வந்தது, எப்படி எடுக்கப்பட்டது என்ற ஆய்வு அதன்பிறகே முறையாகத் தொடங்கியது.

உலக அருங்காட்சியகங்களுக்கான மன்றத்தின் நெறிமுறை இன்று தெளிவாக இருக்கிறது. மனித எச்சங்களை மரியாதையோடு பாதுகாக்க முடிந்தால்தான் ஓர் அருங்காட்சியகம் அவற்றை வைத்திருக்கலாம். காட்சிக்கு வைக்கும்போது, அவர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வந்தார்களோ அந்தச் சமூகத்தின் நம்பிக்கைகளை மதிக்க வேண்டும். அந்தச் சமூகம் காட்சியிலிருந்து நீக்கச் சொன்னாலோ திருப்பித் தரச் சொன்னாலோ அதைக் கருத்தோடு பரிசீலிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020-இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே இருக்கும் தங்கள் முன்னோரின் எச்சங்களைத் திரும்பப் பெற இந்தியாவின் நாகா மக்கள் பேசிவருகிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட வேண்டுமா? நம் நாட்டின் பேராக் மனிதனை நினைத்துப் பாருங்கள். 1991-இல் லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்தோ குகையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஸுரைனா மஜீத் தலைமையிலான குழு அந்த எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. 10,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. பிறவியிலேயே ஒரு கை வளர்ச்சி குன்றியவர் அவர். வேட்டையாடிப் பிழைத்த காலத்தில், அத்தகைய கையோடு 40 வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. உணவும் கல் கருவிகளும் உடன் வைத்து, கால்களை மடக்கிக் கருவில் இருக்கும் குழந்தைபோல் கிடத்திப் புதைத்தார்கள். அந்த எலும்புகளை யாரும் ஆராயாமல் இருந்திருந்தால், இந்தப் பரிவு நமக்குத் தெரிந்திருக்காது. கண்டெடுத்தது இந்த நாட்டின் பல்கலைக்கழகம். இந்த நாட்டு மாணவர்கள் அவரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள்.

இதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. பினாங்கு மாநிலத்தின் குவார் கெப்பாவில் 5000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைமேடுகள் இருக்கின்றன. 1934-இல் டச்சு அகழாய்வாளர் வான் ஸ்டெய்ன் கல்லென்ஃபெல்ஸ் அங்கே தோண்டினார். கிடைத்த எலும்புகள் கடைசியில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றன. 2017-இல் அதே இடத்தில் இன்னோர் எலும்புக்கூடு கிடைத்தது. பினாங்குப் பெண் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அதன்பிறகு, லைடனில் இருப்பவர்களையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது.

ஆதிச்சநல்லூரிலும் இப்போது வேறு வழி கண்டிருக்கிறார்கள். 2004-05-இல் நடந்த அகழாய்வில் 160-க்கும் மேற்பட்ட தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. 2021-இல் மீண்டும் அகழாய்வு தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே பார்க்கும் வகையில் கள அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பார்க்க விரும்புகிறவர் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அவர்களை நாம் இருக்கும் இடத்துக்குத் தூக்கி வருவதில்லை. இது முழுமையான தீர்வு என்று சொல்ல முடியாது. கண்ணாடிக்கு மேல் நின்று கைப்பேசியில் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டால், தாழி சொந்த ஊரில் இருந்தும் பயனில்லை.

மாணவர்களே, எலும்பைப் பார்ப்பதே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். யாரைக் கேட்டு எடுத்தார்கள், யாருக்காக வைத்திருக்கிறார்கள், அந்த மக்கள் வேண்டாம் என்றால் கேட்பார்களா என்பவைதான் கேள்விகள். லெங்கோங்கிலோ சென்னையிலோ ஐரோப்பாவிலோ ஓர் அருங்காட்சியகத்தில் மனித எச்சத்தின் முன் நிற்கும்போது, அருகில் இருக்கும் விளக்கப் பலகையைப் படியுங்கள். ஆண்டும் அளவும் கண்டெடுத்தவரின் பெயரும் அதில் இருக்கும். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், அங்கே பணியில் இருப்பவரிடம் மரியாதையோடு கேளுங்கள்.

ஜாகோர் கூர்ந்து நோக்கும் கண்ணும் சலிக்காத உழைப்பும் கொண்டவர். ஓர் எரிமலையின் உயரத்தையும் ஒரு பேரரசின் வீழ்ச்சியையும் கணிக்கத் தெரிந்தவருக்கு, தாழியைத் திறக்கும் முன் ஊராரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் காலம் அதை அவருக்குக் கற்றுத்தரவில்லை. நம் காலம் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.